எரிமலைக் கல் தேடி ஓலைத்தொடுவாய்க்குப் போனது

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மன்னார்த் தீவுக்குப் போகும் ஓடத்தில் ஏறினேன். பூநகரியிலிருந்து அந்தத் துறைவரை நாற்பது மைலுக்குச் சற்று மேல். மாட்டுவண்டியில் வந்து என் இடுப்பு கழன்றுபோயிருந்தது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே இரண்டு மைல் அகலத்துக்கு ஆழமில்லாத கடல் கிடக்கிறது. ஓடக்கூலி ஆறு சதம். காற்று எதிராக இருந்தபடியால் கடக்க முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆங்கிலப் பாடசாலையில் பூமிசாஸ்திரம் படிப்பிக்கிறவன். இது ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நான்காம் ஆண்டு ஆனி மாதத்துப் பயணம். அதற்கு முந்திய ஆவணியில், சுமாத்திராவுக்கும் யாவாவுக்கும் நடுவேயுள்ள சுந்தா நீரிணையில், கிரக்கத்தோவா என்ற தீவு வெடித்துத் தன் பெரும்பகுதியை இழந்தது. கொழும்புப் பத்திரிகைகளில் வந்த செய்திகளை ஒன்றுவிடாமல் வெட்டி என் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருந்தேன். இந்த வருடம் வைகாசியில், மன்னார்ச் சுங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருக்கும் என் சிநேகிதர் செபமாலை, கோழிமுட்டை அளவுள்ள ஒரு சாம்பல் நிறக் கல்லைத் தபாலில் அனுப்பினார். "ஓலைத்தொடுவாய்க் கரையில் இவை ஒதுங்குகின்றன. தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. இது என்ன?" என்று கேட்டு எழுதியிருந்தார். பாடசாலை விடுமுறை தொடங்கிய மறுநாளே புறப்பட்டுவிட்டேன்.

ஓடத்தில் பன்னிரண்டு பேர் இருந்தோம். பொழுதுபோக்காக அந்தக் கல்லை எடுத்துக் கடலில் விட்டேன். அது மிதந்தபடி ஓடத்தின் பக்கத்தில் வந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அதன்பின் எனக்கு வாய் நிற்கவில்லை. பூமிக்கு அடியில் உருகிக் கிடக்கும் பாறையைப் பற்றிச் சொன்னேன். மலை மூன்று மாதம் புகைந்ததையும், திங்கட்கிழமை காலையில் வெடித்ததையும், கடல் பனைமர உயரத்துக்கு எழுந்து கரையேறியதையும் சொன்னேன். "அந்த நீரிணையின் இரண்டு கரைகளிலும் இருந்த ஊர்களில் ஒரு உயிர்கூட மிஞ்சவில்லை" என்று முடித்தேன்.

எதிரே முஸ்லிம்கள் அணியும் தொப்பி வைத்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார். "அஞ்சர் எண்ட ஊருமோ?" என்று கேட்டார்.

"ஓம், அதுவும்தான். முதலில் அழிந்த ஊர்களில் அதுவும் ஒன்று" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரை சேர்ந்ததும் குறிப்புப் புத்தகத்தில் இப்படி எழுதினேன்: "இவ்விடத்துச் சோனக வர்த்தகர் தூரதேசத்து ஊர்ப்பெயர்களை நன்கு அறிந்திருக்கிறார்கள்." அந்த வரியை நான் இன்னும் அடிக்கவில்லை. என் மடைமைக்குச் சாட்சியாக அது அங்கேயே இருக்கிறது.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, செபமாலை பிடித்துத் தந்த ஒற்றை மாட்டு வண்டியில் மன்னார்க் கோட்டைப் பக்கமிருந்து புறப்பட்டேன். வண்டிக்காரர் சந்தியோகு ஓலைத்தொடுவாய்க்காரர். கடலுக்குப் போகாத நாட்களில் வண்டி விடுகிறார். நாட்கூலி ஒரு ரூபாய், சாப்பாடு அவர் வீட்டில். எருக்கலம்பிட்டி ஐந்து மைல் என்றும், அங்கிருந்து ஓலைத்தொடுவாய் இன்னும் நான்கு மைல் என்றும் சொன்னார். மணலில் சக்கரம் புதையப் புதைய அந்த ஒன்பது மைலும் இருபதாகத் தோன்றின.

மலை வெடித்த நாளில் இங்கே ஏதும் தெரிந்ததா என்று கேட்டேன்.

"தெரியாமல் என்ன" என்றார் சந்தியோகு. "நான் கரையிலை வலை காயவிட்டுக்கொண்டு நிண்டனான். கிழக்குத் தெற்குப் பக்கமாய்ப் பீரங்கி வெடிக்கிற மாதிரிச் சத்தம். கொழும்புக்குச் சண்டைக் கப்பல் வந்திருக்கு எண்டு எங்கட ஆக்கள் கதைச்சினம். பிறகு மத்தியானம் திரும்ப, கடல் வத்தினது. அது வத்துக்கான நேரமில்லை. தோணியெல்லாம் மணலிலை குந்தியிட்டுது. கொஞ்சத்தாலை தண்ணி திரும்பி வந்தது, பிறகும் போனது. மூண்டு நாலு தரம் அப்பிடி."

"பயந்தீர்களோ?"

"பயப்பிடுகிறதுக்கு என்னெண்டு தெரியவேணுமே, ஐயா. என்னெண்டு தெரியாமல் பாத்துக்கொண்டு நிண்டம். பிறகு ரெண்டு கிழமை போகச் சூரியன் பச்சையாய்ப் போனது. அதுக்குத்தான் பயந்தனாங்கள். சுவாமியார் கோயிலிலை செபம் சொல்லச் சொன்னவர்."

நான் மனதுக்குள் கணக்கிட்டுப் பார்த்தேன். மலை நின்ற இடம் இங்கிருந்து ஏறக்குறைய இரண்டாயிரம் மைல். சத்தம் சில மணி நேரத்தில் வந்திருக்கிறது. தண்ணீர் அன்று பின்னேரத்துக்குள் வந்திருக்கிறது. வெயிலைப் பச்சையாக்கிய தூசி இரண்டு வாரத்தில் வந்தது. கல் மட்டும் ஒன்பது மாதம் எடுத்திருக்கிறது. நாளொன்றுக்கு எட்டு மைலும் இல்லை. எங்கள் மாடு அதைவிட விரைவாக நடக்கிறது என்று சந்தியோகுவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

எட்டரை மணியளவில் எருக்கலம்பிட்டி தெரிந்தது. பள்ளிவாசலைத் தாண்டும்போது ஒருவர் நடுவழியில் வந்து நின்று மாட்டின் கயிற்றைப் பிடித்தார். ஓடத்தில் அஞ்சரைப் பற்றிக் கேட்டவர்தான். பெயர் அப்துல் காதர். "வாத்தியார், ஒரு கதை இருக்கு. இறங்கி வாங்கோ" என்றார்.

அவர் கூட்டிப்போன வீட்டு விறாந்தையில் கதிரை போட்டிருந்தது. பள்ளிவாசலில் பிரசங்கம் செய்யும் கத்தீபு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். வெண்தாடி, மெல்லிய குரல். உள்வாசல் கதவு பாதி சாத்தியிருந்தது. அதன் பின்னால் ஒரு பெண் நிற்பது நிழலில் தெரிந்தது.

அப்துல் காதர் நின்றபடியே பேசினார். "இது என்ரை தம்பி மீரான்ரை வீடு. தம்பி கப்பலோடை யாவாப் பக்கம் போனவன். போன ஆவணிக்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. கடைசிக் கடுதாசியிலை அஞ்சர் எண்ட ஊர் எழுதியிருக்கு. எங்கட உம்மா படுக்கையிலை கிடக்கிறா. மகனுக்கு மையித்துத் தொழுகை தொழுதாச்சு எண்டு கேட்டிட்டுத்தான் கண்ணை மூடுவன் எண்டு சொல்லுறா. நாளைக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ. நீங்கள் நேத்து ஓடத்திலை சொன்னதை இவருக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ. அது போதும்."

கத்தீபு எனக்கு விளங்கும்படி சொன்னார். உடல் இல்லாத இடத்திலும் இறந்தவருக்காகத் தொழலாம். ஆனால் இறந்தது நிச்சயமாக வேண்டும். ஊகத்தை வைத்து உயிரோடிருக்கும் மனிதனுக்கு அந்தத் தொழுகையை நடத்தக்கூடாது. "நீங்க படிச்ச ஆள். நீங்க சொன்னால் நான் ஏற்றுக்கொள்ளுவன்" என்றார்.

 நான் வாய் திறக்கும் முன் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மீரானின் மனைவி சபுறா உம்மா.

"அவர் மௌத்தானதை நீங்க கண்டனீங்களோ?"

"இல்லை."

"கண்ட ஆரையும் கண்டனீங்களோ?"

"இல்லை. பத்திரிகையில் வாசித்ததுதான்."

"ஒரு உயிரும் மிஞ்சயில்லை எண்டு பத்திரிகையிலை எழுதியிருந்ததோ?"

குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். ஒட்டி வைத்திருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஊர் அழிந்தது என்று இருந்தது. அநேகர் மாண்டார்கள் என்று இருந்தது. மேட்டுக்கு ஓடிச் சிலர் தப்பினார்கள் என்றும், நீரிணையில் நின்ற ஒரு கப்பல் அலையை நேரே எதிர்த்து ஏறித் தப்பியது என்றும் அதே துண்டில் கீழே இருந்தது. அதை நான் பலதரம் வாசித்திருக்கிறேன். ஓடத்தில் கதை சொல்லும்போது அது கதைக்கு வாய்ப்பாக இருக்கவில்லை. விட்டுவிட்டேன்.

"அப்படி எழுதவில்லை" என்றேன். "நான் கூட்டிச் சொல்லிவிட்டேன். சிலர் தப்பியிருக்கிறார்கள். கடலில் நின்ற கப்பலும் தப்பியிருக்கிறது."

அப்துல் காதரின் முகம் கறுத்தது. கத்தீபு மடியிலிருந்து மீரானின் கடைசிக் கடுதாசியை எடுத்தார். அரபு எழுத்தில் எழுதிய தமிழ். நாகபட்டினத்துக்கு வந்த மாலுமி ஒருவர் கையில் கொடுத்து அனுப்பியது. அவர் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நோன்புப் பெருநாள் கழிந்து பத்தாம் நாள் யாவாவிலுள்ள பத்தாவியாவில் இருந்து எழுதுவதாகவும், இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் கப்பல் சுமாத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாதாங்குக்குப் புறப்படும் என்றும், வழியில் அஞ்சரில் தண்ணீர் ஏற்றுவார்கள் என்றும் மீரான் எழுதியிருந்தார். "இங்கே கடலுக்குள் ஒரு மலை மூன்று மாதமாகப் புகைகிறது. ஒன்றும் செய்யவில்லை. பார்ப்பதற்கு ஆட்கள் கப்பல் பிடித்துப் போகிறார்கள்" என்றும் ஒரு வரி இருந்தது.

கத்தீபு பிறைக் கணக்கைச் சொல்ல, நான் அதை ஆங்கில மாதத்துக்கு மாற்றினேன். நாங்கள் இருவரும் இரண்டுதரம் எண்ணிப் பார்த்தோம். கடுதாசி எழுதிய பத்தாம் நாள் புறப்பட்டிருந்தால் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமைக்குள் நீரிணையைக் கடந்து திறந்த கடலுக்குப் போயிருக்கலாம். ஆழக் கடலில் அந்த அலை ஒரு கப்பலை ஒன்றும் செய்யாது. அங்கே அது உயரமில்லாமல் அகலமாக ஓடுகிறது, கப்பலில் நிற்பவனுக்குத் தெரியவும் தெரியாது. தரை மேடாகிற இடத்தில்தான் எழுந்து நிற்கிறது. பன்னிரண்டாம் நாள் புறப்பட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கப்பல் திங்கள் காலையில் அஞ்சரில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு நின்றிருக்கக் கூடும்.

"ரெண்டு நாள்" என்றார் கத்தீபு.

"இரண்டு நாள்தான். அதற்கு மேல் எனக்குத் தெரியாது."

"நேத்து அறிஞ்ச ஆள் இண்டைக்கு அறியாத ஆளோ?" என்றார் அப்துல் காதர். சத்தம் போடவில்லை. அதனால் அது இன்னும் சுட்டது. "நான் ராவெல்லாம் உம்மாவுக்குப் பக்கத்திலை இருந்து, மகன் மௌத்து எண்டு சொல்லிப்போட்டு வாறன். இப்ப திரும்பிப் போய் என்ன சொல்லுறது?"

 "பிழை என்னுடையது என்று சொல்லுங்கள். வேண்டுமானால் நானே வந்து சொல்கிறேன்" என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு இறங்கிப் போனார்.

கத்தீபு கடுதாசியை மடித்துக் கதவருகே வைத்தார். ஒரு கை வந்து அதை எடுத்துக்கொண்டது. அப்போது சபுறா உம்மா கேட்டார்: "அந்தக் கல்லு கையிலை இருக்கோ?"

கொடுத்தேன்.  உள்ளே தண்ணீர் வார்க்கும் ஓசை கேட்டது. கல்லை மிதக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்.

"மூண்டு மாசம் சும்மா புகைஞ்ச மலை ஏன் திடீரெண்டு அப்பிடிச் செய்தது?"

எத்தனையோ பிள்ளைகளுக்கு இதைப் படிப்பித்திருக்கிறேன். அன்றுதான் ஒரு சொல்லைப் போடுவதற்கு முன் அது எனக்கு உண்மையிலேயே தெரியுமா என்று யோசித்தேன். எல்லா எரிமலைகளும் ஒரு சாதியில்லை என்று சொன்னேன். பசிபிக் தீவுகளில் சிலவற்றில் உருகிய பாறை எண்ணெய் போல இளகலாக இருக்கிறது. அது பொங்கி வழிந்து ஆறாக ஓடிவிடும். ஆட்கள் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். அப்படி வழிந்து வழிந்து படியும் மலை, கவிழ்த்த தட்டுப் போல அகன்று தாழ்ந்திருக்கும். வேறு சிலவற்றில் அந்தக் குழம்பு தடித்தது. அதற்குள் ஆவி நிறைந்திருக்கிறது. ஆவி வெளியேற வழியில்லை.

"கூழ் மாதிரி" என்றது குரல். "தண்ணிப் பருவத்திலை சும்மா கொதிக்கும். தடிச்சால்தான் உள்ளை இருந்து குமிழ் வந்து வெடிச்சுக் கையிலை தெறிக்கும். மூடி போட்டு வைச்சால் மூடியையும் தள்ளும்."

"அதேதான்" என்றேன். அதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது. "இந்தக் கல்லு அந்தக் குழம்பின் நுரை. வெடித்து மேலே போகும்போது உள்ளேயிருந்த ஆவி நுரைத்து, நுரைத்தபடியே இறுகிவிட்டது. இந்தத் துளைகளெல்லாம் குமிழ்கள். அதனால்தான் மிதக்கிறது. கடல்நீர் வெடிப்பு வழியாக இறங்கி நெருப்பைத் தொட்டதால்தான் ஆவி உண்டாயிற்று என்று சிலர் எழுதுகிறார்கள். இல்லை, ஆவி முதலிலிருந்தே பாறைக்குள் கரைந்திருந்தது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். படித்தவர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை."

"அவையளுக்கும் தெரியாதோ?"

"தெரியாது."

கதவுக்கு வெளியே கல்லை வைத்தார். ஈரமாக இருந்தது. "தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டுப் போறீங்க. எனக்கு அது போதும்" என்றார். அந்த வீட்டில் கோப்பி கொடுத்தார்கள். குடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. குடிக்காமல் எழுந்தால் இன்னும் பிழையாகிவிடும் என்று குடித்தேன்.

அன்று பின்னேரம் ஓலைத்தொடுவாயில் சந்தியோகு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.  மாட்டை அவிழ்க்கும்போது அவர், "மீரானை எனக்குத் தெரியும். நல்ல ஆள். எங்கட கரையிலைதான் கருவாடு எடுக்கிறவர்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கரைக்குப் போனோம். தென்மேற்குக் காற்று மணலை முகத்தில் அடித்தது. அலைகள் விட்டுப்போன கடற்பாசிக் கோட்டின் நெடுகிலும், கண் எட்டும் தூரம்வரை, சாம்பல் நிறப் புள்ளிகள். குனிந்து பார்த்தால் எல்லாம் கல். பயற்றங்காய் விதை அளவிலிருந்து தேங்காய் அளவுவரை. பெரியவை மேட்டுப் பக்கத்திலும் சிறியவை தண்ணீர்ப் பக்கத்திலும் கிடந்தன. இரண்டாயிரம் மைல் ஒன்றோடொன்று உரசி வந்ததால் எல்லாம் உருண்டையாகத் தேய்ந்திருந்தன. பெரியவற்றின் ஒரு பக்கத்தில் சிப்பி போன்ற சிறு கடற்பிராணிகள் தண்டு வைத்து முளைத்திருந்தன. அந்தப் பக்கம்தான் இத்தனை மாதமும் தண்ணீருக்குள் இருந்திருக்கிறது. ஒரு கல்லைச் சந்தியோகுவின் கத்தியால் உடைத்தேன். உள்ளே பட்டுநூல் போல மெல்லிய கண்ணாடி இழைகள் வெயிலில் மினுங்கின. மூக்கில் வைத்தால் நெருப்பின் மணமில்லை, பாசி மணம்தான்.

என் மனம் நிறைய வேண்டிய காலை அது. நிறையவும் செய்தது, பொய் சொல்ல மாட்டேன். முழங்கால் மடித்து மணலில் இருந்து இரண்டு மணி நேரம் கற்களைப் பிரித்தேன். ஏழு கற்களை ஒரு வாளித் தண்ணீரில் போட்டேன். ஆறு மிதந்தன, ஒன்று மெல்ல மெல்லத் தாழ்ந்தது. அதன் குமிழ்களுக்குள் தண்ணீர் ஊறிவிட்டது. இப்படி எத்தனை வழியில் தாழ்ந்தனவோ என்று யோசித்தபோது, நான் கல்லைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை என்று எனக்கே தெரிந்தது.

"இதிலை மரக்கட்டை ஏதும் வந்ததோ?" என்று சந்தியோகுவிடம் கேட்டேன். "கப்பல் பலகை மாதிரி?"

"நானும் அதைத்தான் ஒரு மாசமாய்ப் பாக்கிறன்" என்றார். "வரயில்லை."

பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பும் வழியில் எருக்கலம்பிட்டி. ஜும்ஆ முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சந்தியோகு தானாகவே நிறுத்தினார். பள்ளிவாசல் கிணற்றடியிலிருந்து அப்துல் காதர் வந்தார்.

"தொழுகை நடக்கயில்லை" என்றார். "பயணத்திலை இருக்கிற ஆளுக்குக் கேக்கிற துஆதான் கேட்டது. எல்லாரும் நிண்டு கேட்டவை."

"உம்மாவுக்கு?"

"போய்ச் சொன்னனான். மௌத்து எண்டது உறுதியில்லை, ஊரெல்லாம் அவனுக்குத் துஆக் கேட்டது எண்டு. கொஞ்ச நேரம் என்னைப் பாத்துக்கொண்டு கிடந்தா. பிறகு ஆமீன் எண்டு சொன்னா." அவர் என் ஓலைக் கடகத்தில் கிடந்த கற்களைப் பார்த்தார். ஒன்றைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டி, பிறகு அந்தக் கல்லை எடுத்துக்கொண்டார். "நீங்கள் போயிட்டு வாங்கோ, வாத்தியார்" என்றார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஓடம் ஏறினேன். கடகத்தைப் பார்த்து ஒருவர் என்னவென்று கேட்டார். எரிமலைக் கல், சுந்தாப் பக்கத்திலிருந்து மிதந்து வந்திருக்கலாம் என்றேன். பத்திரிகைகளில் படித்ததைச் சொன்னேன். எங்கே வாசித்தேன் என்றும் சொன்னேன். கதை முன்னைப்போல நீளவில்லை.

யாழ்ப்பாணத்திலும் மலை இல்லை, மன்னாரிலும் இல்லை. இரண்டும் கடற்சிப்பியும் சுண்ணாம்பும் படிந்து உண்டான தட்டையான தரை. பூமி நெருப்பினால் செய்தது என்று வகுப்பில் சொல்லும்போது எங்கள் பிள்ளைகள் நம்பாமல் சிரிப்பார்கள். இப்போது அலுமாரியிலிருந்து ஒரு கல்லை எடுத்து வாளியில் போட்டுக் காட்டுகிறேன். சிரிப்பு நின்றுவிடுகிறது.

தை மாதத்தில் செபமாலையின் கடிதம் வந்தது. மீரானின் கப்பல் ஞாயிற்றுக்கிழமை பத்தாவியாவை விட்டிருக்கிறது. அஞ்சரில் தண்ணீர் எடுக்கக் கரைக்கு இறங்கியவர்களில் அவரும் ஒருவர். உடன் இருந்து தப்பிய ஒரு மாலுமி பினாங்கு வழியாக வந்து, தன் கண்ணால் கண்டதைப் பள்ளிவாசலில் சொல்லியிருக்கிறான். அந்த வெள்ளிக்கிழமையே தொழுகை நடந்தது. மீரானின் தாய் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆக, நான் ஓடத்தில் சொன்னது மீரானைப் பொறுத்தவரை சரியாகிவிட்டது. ஆனாலும் அதைச் சொன்ன அன்று எனக்கு அது தெரியாது. அந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை நான் எருக்கலம்பிட்டி விறாந்தையில்தான் அளந்தேன்.

கடிதத்தின் கடைசியில் செபமாலை இன்னொன்று எழுதியிருந்தார். கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இத்தா இருக்கவேண்டும். அது இறந்த நாளிலிருந்து எண்ணப்படுவது. மீரான் போய் ஒன்றரை வருடமாகிறது, அந்த நாட்கள் எப்போதோ கழிந்துவிட்டன, இனி இருக்கத் தேவையில்லை என்று கத்தீபு சபுறா உம்மாவிடம் எடுத்துச் சொன்னாராம். அவர் கேட்கவில்லை. மாலுமி வந்து சொன்ன நாளை முதல் நாளாக வைத்து, வெள்ளை உடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாராம்.